எஃப், எஸ், என், டி: புதிதாக வந்தவரை விரட்டாமல் இருப்பது எப்படி

கார்த்திகை மழை. கடைக்கு ஒருவரும் வரவில்லை. போட்டோகொப்பி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நாங்கள் சேர்ந்து எழுதும் சொற்பட்டியலைக் கணினியில் திறந்து வைத்திருந்தேன். புதிதாக ஒருவர் கணக்குத் தொடங்கி, இரண்டு நிமிடத்தில் ஒரு பக்கமும் போட்டிருந்தார். திறந்து பார்த்தால் முழுக்க ஆங்கில எழுத்து. எஃப், எஸ், என், டி, எல், ஓர் அரைப்புள்ளி, பி. அதற்குக் கீழே அதே கோலத்தில் நாற்பது வரி. விசைப்பலகைக்கு மேலால் பூனை நடந்துபோனது போல இருந்தது. காரணம் கேட்கும் பெட்டியில் 'குப்பை' என்று எழுதி நீக்கினேன். எல்லாமாக நாலு செக்கன் போயிருக்கும். மறுகா போய்ப் பிளேன்டீ குடித்தேன்.

ஒரு வருடம் கழிந்து, நீக்கிய பக்கங்களின் பதிவை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அதே வரி மறுபடி கண்ணில் பட்டது. இந்த முறை கை நின்றது. 20 வருடம் பாமினி எழுத்துருவில் கலியாணக் கார்டும் மரண அறிவித்தலும் தட்டிய கை. எஃப் என்றால் க. எஸ் என்றால் ள. என் விசையும் டி விசையும் சேர்ந்தால் வெ. எல்லும் அரைப்புள்ளியும் ட். பி என்றால் தமிழ் 'டி'. களவெட்டி, அதாவது நெல்லடிக்கும் களம்.

பாமினி தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். யூனிகோடு பரவுவதற்கு முன்பு இலங்கையில் பத்திரிகை அலுவலகம் முதல் எங்களைப் போன்ற கடை வரை அதிகம் தட்டியது பாமினியில்தான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துரு அது. எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும். அதே வரியை இணையப் பக்கத்தில் ஒட்டினால் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். அந்தப் பையன் (பையன் என்று இப்போதுதான் தெரியும்) தன் ஊர்த் தட்டெழுத்துக் கடையில் அடித்து வாங்கியதை அப்படியே ஒட்டியிருக்கிறான். மாற்றிப் படித்தபோது முதல் வரி இப்படி இருந்தது: "களவெட்டியில் எங்கட அப்பப்பா கதைத்த சொல்லுகள்." அப்பப்பா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் முல்லைக்காரனாக, வயல்வேலையைப் பார்த்து நடத்துபவராக, இருந்தவராம். 38 சொற்கள். நாங்கள் மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருந்தவை.

அந்தப் பையன் திரும்பி வரவேயில்லை. ஆகவே இந்தக் குறிப்பு புதியவர்களுக்கு அல்ல, முதன்மையாக என்னைப் போல உள்ளே உட்கார்ந்திருக்கும் பழையவர்களுக்கு.

எங்கள் பட்டியலைப் பற்றி இரண்டு வரி. இலங்கையின் கிழக்குக் கரையில் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை பேசப்படும் சொற்களை 23 பேர் சேர்த்து எழுதுகிறோம். ஆசிரியர்கள், ஒரு தாதி, இரண்டு மீன்பிடிகாரர், ஒரு மௌலவி, கடைக்காரன் நான். விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருள்தான். இலவசம், யாரும் நிறுவிக்கொள்ளலாம். கணக்குத் தொடங்கும் எவரும் எந்தப் பக்கத்தையும் திருத்தலாம். நாங்கள் ஐந்து பேர் நிர்வாகிகள். எங்களுக்கு மட்டும் நீக்கும் பொத்தான் உண்டு.

கை வைக்கும் முன்

வட்டைக்குள், அதுதான் வயல்வெளிக்குள், மாடு இறங்கினால் ஓடிப்போய் விரட்டத்தான் வேண்டும். புதியவரின் பிழை மாடு இல்லை. விக்கியில் ஒவ்வொரு சேமிப்பும் 'வரலாறு' பக்கத்தில் தனியாக நிற்கிறது; இன்றைய பிழையை நாளைக்கும் ஒரு சொடுக்கில் திருப்பலாம். பிறகு என்ன அவசரம்? உடனே எடுக்க வேண்டியவை சில மட்டுமே: ஒருவரின் தொலைபேசி எண், அடையாள அட்டை எண், ஆளைக் குறிவைத்த ஏச்சு, அச்சுப் புத்தகத்திலிருந்து பக்கம் பக்கமாக அப்படியே எடுத்தது. இவற்றை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு எழுதலாம். மற்றதெல்லாம் ஒரு மணித்தியாலமாவது கிடக்கட்டும்.

அந்த ஒரு மணித்தியாலத்துக்கு வேறு காரணமும் உண்டு. எங்கள் பக்கத்து ஆட்கள் கரண்ட் போகும் என்ற பயத்தில் ஒவ்வொரு வரிக்கும் சேமிப்பார்கள். அரைகுறையாகத் தெரிவது முடிந்த வேலை இல்லை. அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் புகுந்து அதே வரியில் ஒரு காற்புள்ளி திருத்திச் சேமித்தால், அவர் சேமிக்கும்போது இரண்டும் மோதி, இரண்டு பெட்டியோடு ஒரு முரண்பாட்டுப் பக்கம் வந்து நிற்கும். பழகியவருக்கு அது தொல்லை. புதியவர் அடித்ததெல்லாம் போய்விட்டது என்று நினைத்துத் திரையை மூடிவிடுவார். காற்புள்ளிக்காக ஓர் ஆளை இழக்காதீர்கள்.

குப்பை போலத் தெரிவதைச் சோதிக்க நான் இப்போது செய்வது இது. முதலில் அரைப்புள்ளிகளை எண்ணுவேன். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி உட்கார்ந்திருப்பது அரைப்புள்ளி விசையில். தமிழில் புள்ளி வைத்த எழுத்து வராத சொல் எத்தனை? ஆகவே ஆங்கிலக் குப்பைக்கு நடுவே வரிக்கு ஏழெட்டு அரைப்புள்ளி கிடந்தால் அது குப்பை இல்லை, தமிழ். இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. ஒட்டி, மாற்றி, திரும்பப் போட்டால் முடிந்தது. அரைப்புள்ளி இல்லாமல் தமிழாகவே இருந்து பொருள் மட்டும் குழம்பியிருந்தால், போனில் வாயால் சொல்லி எழுதியிருப்பார். எங்கள் பேச்சு அந்த மென்பொருளுக்கு விளங்காது. வட்டை என்றால் வட்டி என்று எழுதும், கிறுகு என்றால் கிறுக்கு. வட்டி நிறைய நெல் விளைந்ததாக ஒரு பக்கத்தில் படித்துவிட்டு, எழுதியவரை விளையாட்டுக்காரர் என்று முடிவுகட்டினார் எங்கள் நிர்வாகி ஒருவர். எழுதியவர் 70 வயது விவசாயி.

எப்படி எழுதுவது

என் பழைய குறிப்புகளை எடுத்துப் படித்தேன். ஒன்றை அப்படியே தருகிறேன்:

"ஊர் குறிப்பிடப்படாமல் சேர்க்கப்பட்ட சொல் நீக்கப்பட்டுள்ளது. விதிமுறைகளை வாசிக்கவும்."

இதில் ஏச்சு இல்லை. பிழையான தகவலும் இல்லை. ஆனால் படிப்பவருக்கு, அரசாங்கக் கச்சேரி வாசலில் வெயிலில் நின்று அறிவித்தல் பலகை பார்ப்பது போல இருக்கும். காரணம் இரண்டு. 'நீக்கப்பட்டுள்ளது' என்றால் யார் நீக்கினார்? ஆள் ஒளிந்துகொண்டார். கேள்வி கேட்கக் கதவு இல்லை. 'வாசிக்கவும்' என்ற 'வும்' பஸ்ஸிலும் ஆஸ்பத்திரிச் சுவரிலும் எழுதும் 'வும்'. நேரில் யாரும் ஒருவரிடம் "உட்காரவும்" என்று சொல்வதில்லை.

இப்போது இப்படி எழுதுகிறேன்:

"வணக்கம். நீங்கள் சேர்த்த 'ஒள்ளுப்பம்' பார்த்தேன். எங்களிடம் இல்லாத சொல், மிகவும் சந்தோஷம். எந்த ஊரில் கேட்டீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எங்கே சேர்ப்பது என்று குழப்பமாக இருந்தால் இங்கேயே எனக்குச் சொல்லுங்கள், நான் போட்டுவிடுகிறேன்."

கீழே என் பெயரும் ஊரும். செய்வினையில் எழுதுங்கள்: "நான் எடுத்தேன், காரணம் இது." அவர் எழுதிய சொல் ஒன்றையாவது குறிப்பில் சொல்லுங்கள், படித்துவிட்டுத்தான் எழுதுகிறீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. ஒரு குறிப்பில் ஒரு குறை மட்டும். ஏழு குறை இருந்தால் மற்ற ஆறையும் நீங்களே சத்தமில்லாமல் திருத்திவிடலாம், கை ஒடிந்துவிடாது. நிர்வாகிகள் சிலர் ஆயத்த வாசகத்தை ஒரே சொடுக்கில் ஒட்டுகிறார்கள். வரவேற்புக்கு அது பரவாயில்லை. குறை சொல்ல மட்டும் ஆயத்த வாசகம் வேண்டவே வேண்டாம்.

முறைப்பெயர் விஷயத்தில் நான் சூடுபட்டவன். எங்கள் ஊரில் மூத்தவர் இளையவரை "மனே" என்று கூப்பிட்டால் அதில் பாசம் இருக்கிறது. குரல் அதைச் சொல்லிவிடும். எழுத்தில் குரல் கிடையாது. ஒருவரை "தம்பி, இப்படிப் போடக்கூடாது" என்று எழுதினேன். ஓய்வுபெற்ற டீச்சர் அவர். என் அக்காவுக்குப் படிப்பித்தவராம். அவர் சிரித்துவிட்டார், நல்லவேளை. ஆள் தெரியும்வரை 'நீங்கள்', அத்தோடு சரி. அண்ணன், ராத்தா, காக்கா, சேர் எல்லாம் அவரே சொல்லிக்கொடுத்த பிறகு.

'இங்கே வழக்கில் இல்லை'

இதுதான் நான் செய்த இரண்டாவது பெரிய பிழை. அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை 'ஆணம்' என்று ஒரு பக்கம் போட்டார். புளியாணம், பாலாணம், மீனாணம் என்று உதாரணங்களோடு. "குழம்பு, சொதி ஏற்கனவே உண்டு. இது இங்கே வழக்கில் இல்லை" என்று திருப்பிவிட்டேன். அவர் ஒரு வரிதான் பதில் எழுதினார்: "சேர், எங்கட உம்மாவிட அடுப்புக்கு வந்து பாருங்க."

இங்கே என்று நான் சொன்னது எந்த இங்கே? களுவாஞ்சிகுடியில் என் வீட்டுக் குசினி. பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் காத்தான்குடி, மறுபக்கம் போனால் கல்முனை, சாய்ந்தமருது. அங்கே எத்தனையோ வீட்டில் தினமும் ஆணம் கொதிக்கிறது, எனக்கு அது காதில் விழவில்லை. சேர்ந்து எழுதும் இடங்களில் பழையவர்களின் அறியாமைதான் விதிபோல உடுத்திக்கொண்டு வரும். அன்றுமுதல் எங்களுக்குள் ஒரு வழக்கம்: தெரியாத சொல்லைக் கண்டால் "இல்லை" என்று எழுதக்கூடாது, "எந்த ஊரில், யார் சொல்லக் கேட்டீர்கள்?" என்று எழுத வேண்டும். பதில் வராவிட்டால் ஒரு மாதம் கிடக்கட்டும். அந்தப் பிள்ளை இன்று எங்கள் நிர்வாகி. சமையல் சொற்களில் நான் அவர் சொல்லுக்கு மேல் பேசுவதில்லை.

இந்த வியாதி பழையது

1980களில் யூஸ்நெட் என்று ஒரு பொதுக் கலந்துரையாடல் வலை இருந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு வரும் புதிய மாணவர்கள் அதில் நுழைந்து தாறுமாறாக எழுதுவார்கள். பழையவர்கள் முறை சொல்லிக்கொடுப்பார்கள். கொஞ்ச நாளில் அடங்கிவிடும். 1993 அளவில் பெரிய இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களையும் உள்ளே விடத் தொடங்க, வரவு நிற்கவேயில்லை. 'முடியாத செப்டம்பர்' என்று பழையவர்கள் அலுத்துக்கொண்டார்கள். இந்தக் கதையை எப்போதும் பழையவர்களின் புலம்பலாகத்தான் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்திய பகுதி: வருடா வருடம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்களே!

விக்கிப்பீடியாவில் 'புதியவர்களைக் கடிக்காதீர்கள்' என்றே ஒரு வழிகாட்டல் உண்டு. அது இருந்தும் கடித்தார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுவோர் தொகை 2007இல் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கியது. ஏன் என்று ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நல்ல நோக்கத்தோடு வந்த புதியவர்களின் முதல் திருத்தங்கள் அதிகம் நிராகரிக்கப்பட்டதையும், நாசவேலையைப் பிடிக்கச் செய்த கருவிகளும் ஆயத்தச் செய்திகளும் அவர்களையும் சேர்த்து விரட்டியதையும் காட்டியது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி. 23 பேர் என்றால் கேட்கவா வேண்டும்.

முதல் வேலை கொடுங்கள்

இதை நான் எந்தக் கையேட்டிலும் படிக்கவில்லை, என் மாமாவிடம் பார்த்தேன். அவர் வடமோடிக் கூத்து பழக்கியவர். சட்டங்கொடுக்கும் நாளில், அதாவது வேடங்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் நாளில், ஊர்ப் பெடியன்கள் எல்லாரும் வந்து நிற்பார்கள், பாட்டு வராதவனும் ஆட்டம் வராதவனும் சேர்த்து. ஒருவனையும் திருப்பி அனுப்பமாட்டார். புதியவனுக்கு நாலு வரி உள்ள ஒரு வேடம். அந்த நாலு வரி அவனுடையது, வேறு ஆள் பாடக்கூடாது. பழக்கத்தின்போது அவன் கால் தப்பினால் மத்தளம் நிற்காது. களரியைச் சுற்றி ஆட்டம் போய்க்கொண்டேயிருக்கும். முடிந்து எல்லாரும் பாய் விரிக்கப் போகும்போது அவனை மட்டும் கூப்பிட்டு, தாளத்தை வாயால் சொல்லி, தானும் ஆடிக் காட்டுவார். ஊருக்கு முன்னால் திருத்துவதென்றால் அரசன் வேடக்காரனைத்தான் திருத்துவார். அவனுக்குத் தாங்கும்.

அதைத்தான் இணையத்தில் செய்கிறோம். வந்தவரிடம் "விருப்பமானதை எழுதுங்கள்" என்று விட்டால் வெறும் பக்கத்தைப் பார்த்துப் பயந்துபோவார். "உங்கள் ஊரில் தும்பிக்கு என்ன பெயர்?" "மீன்வலையின் பாகங்களுக்கு உங்கள் பக்கம் என்ன சொல்வார்கள்?" பத்து நிமிட வேலை, அவருக்கு மட்டும் தெரிந்த வேலை. இப்படி 40 கேள்வி எழுதி ஒரு பக்கத்தில் வைத்திருக்கிறோம். பழையவர்கள் அந்தப் பக்கத்தில் கைவைப்பது தடை. கைவைக்க ஆசை வரும், தெரிந்த பதிலை எழுதாமல் இருப்பது கஷ்டம்தான். அடக்கிக்கொள்ளுங்கள்.

கலைச்சொல் விஷயமும் இதோடு சேரும். களவெட்டிக்குள் இறங்கினால் பேச்சு மாறும், நெல் பொலியாகிவிடும். தெரியாமல் வெளிச்சொல்லைச் சொன்ன சிறுவன் ஏச்சு வாங்குவான். நாங்களும் வார்ப்புரு, பகுப்பு, வழிமாற்று என்று எங்கள் களவெட்டி மொழியை வைத்துக்கொண்டு வந்தவரை மிரட்டுகிறோம். வழிமாற்று என்றால் ஒரு பெயரைத் தேடினால் இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுபோய் விடுவது. அவ்வளவுதான், அப்படியே சொல்லுங்கள்.

வட்ஸ்அப் என்ற பின்வாசல்

நிர்வாகிகளுக்குள் ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. "இந்தப் பக்கம் சரியில்லை, தூக்குவமா?" "ஓம், தூக்குங்க." மூன்று நிமிடத்தில் தீர்ப்பு. எழுதியவருக்கு ஒன்றும் தெரியாது. காலையில் வந்தால் பக்கம் இல்லை. கேட்டால் "கதைத்து முடிவெடுத்தோம்" என்போம். எங்கே கதைத்தோம்? இப்போது பக்கம் பற்றிய கதை எல்லாம் அந்தப் பக்கத்தோடு சேர்ந்தே இருக்கும், எல்லாரும் பார்க்கக்கூடிய பேச்சுப் பக்கத்தில் மட்டும். வட்ஸ்அப்பில் பிறந்தநாள் வாழ்த்தும் பெருநாள் வாழ்த்தும் போகிறது, ஒருவருக்கும் நட்டமில்லை.

புதிதாக வருகிறவருக்குச் சில வரிகள்

சின்னதாகத் தொடங்குங்கள், முதல் நாளே முகப்புப் பக்கத்தை மாற்றி அமைக்க வேண்டாம். மாற்றம் செய்தால் ஏன் என்று சுருக்கப் பெட்டியில் நாலு சொல் எழுதுங்கள், பழையவர்களின் சந்தேகத்தில் பாதி அங்கேயே தீரும். உங்கள் வரியை யாராவது திருப்பிவிட்டால் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணித்தியாலத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மற்றவர் எழுதியதைத் திருப்பினால் தடை விழக்கூடும், நீங்கள் சொல்வது சரியாக இருந்தாலும். பேச்சுப் பக்கத்தில் ஒருமுறை கேளுங்கள், இரண்டு நாள் பொறுங்கள். எங்களுக்கும் கடை, வயல், பிள்ளைகளின் சோதனை எல்லாம் இருக்கிறது. சுருக்கமான பதில் வந்தால் கோபம் என்று எடுக்காதீர்கள், போனில் ஒரு விரலால் தட்டியிருப்போம்.

வாசல் காட்ட வேண்டியவரும் உண்டு. ரியூசன் வகுப்பு விளம்பரத்தைச் சொல் விளக்கம் போல எழுதிவைத்தவர் ஒருவர். எந்தச் சொல்லைக் கண்டாலும் இது எங்கள் ஆட்களின் சொல், உங்கள் ஆட்களுடையது இல்லை என்று சண்டை இழுத்தவர் இன்னொருவர். இரண்டு முறை சொல்லிப் பார்த்தோம், மூன்றாம் முறை தடை செய்தோம். அதற்கும் காரணம் எழுதி, பெயர் போட்டோம். இதில் தயங்கினால் ஆணம் எழுதிய பிள்ளையைப் போன்றவர்கள்தான் முதலில் போவார்கள்.

பழையவர் இருவர் பக்கத்துக்குப் பக்கம் முட்டிக்கொள்வதைப் பற்றியும் எழுத நினைத்தேன். அதில் ஒருவன் நான் என்பதால் விடுகிறேன்.

படுவான்கரைப் பையனின் பக்கத்தை மீட்டுவிட்டேன். மாற்றிய தமிழில், எழுதியவர் இடத்தில் அவன் கணக்குப் பெயரோடு. அவனுடைய பேச்சுப் பக்கத்தில் நான் நீக்கியதையும் ஏன் நீக்கினேன் என்பதையும் எழுதி, மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், பையன் என்பது அந்தப் பக்கத்தின் கடைசி வரியில்தான் தெரிந்தது, "நான் இந்த முறை ஓ.எல். சோதனை எடுக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்க" என்று முடித்திருந்தான். கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகும் ஆட்களிடமும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். 38 சொல்லில் 31க்குப் பொருள் பிடித்துவிட்டோம். மீதி ஏழையும் அப்பப்பாவிடம்தான் கேட்க வேண்டும்.